கையெழுத்துக்கு முன்: வாழ்க்கையின் பெரிய முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம், செட்டில்மென்ட், விடுதலை, பாகப்பிரிவினை, அடமானம் என்று எந்தப் பத்திரமானாலும் சரி, அதை எழுதும் நேரத்தில் அந்த வீட்டில் ஏதோ ஒன்று பெரிதாக மாறிக்கொண்டிருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம், பையன் வெளிநாடு போகிறான், அப்பாவுக்கு ஆபரேஷன், அண்ணன் தம்பி தனித்தனியாகப் போகிறார்கள். வருகிறவர்கள் பத்திரத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. “நீங்க என்ன சொல்றீங்க, செய்யலாமா?” என்றும் கேட்கிறார்கள். வேலூர், காட்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்து மக்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும்தான் இவை. சட்ட விஷயத்தில், உங்கள் காகிதங்களைப் பார்த்து வக்கீல் சொல்வதையே கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய முடிவு என்று எதைச் சொல்வது? எல்லாமே பயமாக இருக்கிறதே?

பயத்தை வைத்து அளக்காதீர்கள். திரும்பி வர வழி இருக்கிறதா என்பதை வைத்து அளந்து பாருங்கள்.

உயில் எழுதினால் சாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது; எழுதிப் பதிந்துவிட்டால் சொத்து அன்றைக்கே கை மாறிவிடும். எழுதிக் கொடுத்தவர் மறுநாள் மனம் மாறினாலும் தான் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. இரண்டிலும் போடுவது ஒரே கையெழுத்துதான், விளைவு அடியோடு வேறு. வாழ்க்கை முடிவுகளும் இப்படி இரண்டு வகை. திரும்பி வரக்கூடியதை நாள் கடத்தாமல் எடுத்துவிடலாம். திரும்பி வர முடியாததற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். பிள்ளைக்கு எந்த குரூப் எடுப்பது என்று மாதக்கணக்கில் தூங்காமல் பேசுகிறார்கள். அதே வீட்டில், தங்கை பாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்குக் காபி குடிக்கும் நேரம்கூட ஒதுக்குவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம்.

இந்தப் பாடம் நம் மாவட்டத்துக்குப் புதியதல்ல. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றி வேலூர்க்காரர்கள் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திரும்பச் சரிசெய்ய முடியாத கெடுதல் வரும்போல் இருந்தால், முழு ஆதாரமும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, முன்னாலேயே தடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்ட கொள்கைகளில் ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கெட்ட பிறகு அதைப் பழையபடி ஆக்குவது எவ்வளவு பாடு என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். குடும்ப முடிவுக்கும் இதே கணக்குத்தான்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை தப்பான படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வாழ்க்கையே போய்விடாதா?

போகாது. நான் பார்த்த திருப்பங்களிலேயே திரும்பி வர அதிக வழி உள்ளது இதுதான்.

பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போகலாம். பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்தவர்கள், படித்த பாடம் பொருந்தினால், டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணக்குப் பாடத்தோடு பி.எஸ்சி. முடித்தவர்களுக்கும் அந்த வழி உண்டு. வரலாறு படித்துவிட்டு அரசுத் தேர்வு எழுதலாம், பி.காம். படித்துவிட்டு சட்டம் படிக்கலாம்.

டாக்டர் ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது அன்றைய வட ஆற்காட்டுத் திருத்தணிப் பக்கம், 1888-ல். வாலாஜாப்பேட்டையில் படித்து, வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்து, அப்புறம் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனவர். வீட்டில் பணத் தட்டுப்பாடு. உறவுக்காரப் பையன் ஒருவர் தான் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார் என்பதால்தான் தத்துவம் எடுத்தார் என்பார்கள். நாட்டின் குடியரசுத் தலைவர் வரை போனவருக்கு, பாடம் அமைந்தது இலவசமாகக் கிடைத்த புத்தகத்தால். எந்தப் பாடம் என்பதைவிட, எடுத்த பாடத்தில் எவ்வளவு ஆழம் போகிறான் என்பது முக்கியம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் படிப்பில் சேரும்போது பணத்தையும் காகிதத்தையும் தொடுகிற இடங்கள் உண்டு. அங்கேதான் கண் வேண்டும்.

தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, “இப்போ அட்வான்ஸ் கட்டினா சீட்டு உறுதி” என்று வீடு தேடி வருவார்கள். அரசுக் கவுன்சிலிங் வழியாகச் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியலுக்கும் வந்துவிட்டது. அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணத்தைக் கட்டினால் இவை கைநழுவிப் போகும். கவுன்சிலிங் முடியும்வரை பொறுங்கள்.

இன்னொன்று, அசல் சான்றிதழ்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே தவிர, கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. அசலைக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு வேறு கல்லூரிக்கு மாறும் வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

கல்விக் கடன் வாங்கலாமா?

வாங்கலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு. வங்கிகளின் பொதுவான திட்டத்தில் 4 லட்சம் வரை கைப்பணம் கட்ட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி, பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். “படிச்சு முடிச்ச பிறகுதானே” என்று அதை மறந்துவிடுகிறார்கள். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்புகளுக்கு படிப்புக் காலத்துக்கும் அதற்கு மேல் ஓர் ஆண்டுக்கும் உள்ள வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே வங்கியில் அதைக் கேட்டுப் பதிந்துவிட வேண்டும்.

கல்விக் கடனுக்கு வழியிருக்க, வீட்டுப் பத்திரத்தைத் தனியாரிடம் அடமானம் வைக்க என்னிடம் வருகிறவர்களை முதலில் வங்கிக்கு அனுப்புகிறேன். எனக்கு ஒரு பத்திரம் போனால் பரவாயில்லை.

பெண் காலேஜ் போகட்டுமா, ஷூ கம்பெனிக்குப் போகட்டுமா? வீட்டுக் கஷ்டம் அப்படி.

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி இது. கம்பெனி வேலையைத் தாழ்வாகப் பேச எனக்கு மனம் வராது. விடியும் முன்பே ரோட்டோரம் டிபன் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களின் சம்பளத்தில் எத்தனையோ வீடுகள் நிமிர்ந்திருக்கின்றன.

ஆனாலும் திரும்பி வரும் வழியைப் பாருங்கள். படித்துவிட்டு இருபத்தோரு வயதில் கம்பெனி வேலைக்குப் போகலாம். பதினேழு வயதில் போனவள் இருபத்தோரு வயதில் ரெகுலர் காலேஜுக்கு வருவது அபூர்வம், அதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடும். அதனால் முதலில் படிப்பு என்பேன்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதே போல் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் முதல். பஸ் செலவுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அது காணும். அப்படியும் முடியவில்லை என்றால், வேலைக்குப் போய்க்கொண்டே தொலைதூரக் கல்வியில் சேர்த்துவிடுங்கள். கதவை முழுதாக மட்டும் மூடிவிடாதீர்கள்.

நல்ல வரன் வந்திருக்கிறது, படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். விட்டால் வராது என்கிறார்களே?

ஒரு வருஷம் பொறுக்க மாட்டேன் என்கிற வரன், கல்யாணத்துக்குப் பிறகு எதற்கும் பொறுக்குமா என்று யோசியுங்கள். பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். உறவுக்காரர்கள் சுற்றி நிற்கும்போது கேட்டால் அவள் தலையைத்தான் ஆட்டுவாள். பதினெட்டு நிறையாத பெண்ணென்றால் பேச்சுக்கே இடமில்லை, அது குற்றம். கல்யாணச் செலவுக்காக நிலத்தை விற்பதானால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே விலை பேசிவிடுங்கள். தேதி குறித்த பிறகு விற்கிறவரின் அவசரம் புரோக்கருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். நான் கண்ட மட்டமான விலைகள் எல்லாம் பத்திரிகை அடித்த பிறகு பேசியவை.

“அக்கா, ஒரு கையெழுத்துதானே” என்று தம்பி கேட்கிறான். போடலாமா?

அக்காவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

விருப்பப்பட்டுக் கொடுப்பது தப்பே இல்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தம்பிக்கு மனம் நிறைந்து எழுதிக் கொடுத்த அக்காக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான் தப்பு.

சார்பதிவாளர் ஆபீஸில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். விரல் ரேகை வைக்கும் கருவியில் அந்த அம்மாவின் ரேகை பதியாது. பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனி வழவழப்பாகியிருக்கும். முந்தானையில் துடைத்து வைப்பார், பதியாது. அடுத்த விரல், அப்புறம் இன்னொரு கை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருவழியாகப் பதிந்ததும் வெளியே வந்து, “இது எதுக்கு வெச்சேன்?” என்று கேட்பார். ஆபீஸுக்கு வெளியே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய அம்மா என்று எல்லோருக்கும் சமம். பரம்பரைச் சொத்தில், கல்யாணமாகாத பெண்களுக்குச் சம உரிமை தருவதைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. கல்யாணமானவர், ஆகாதவர் எல்லோருக்குமாக நாடு முழுவதும் வந்தது 2005-ல். அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக நடந்து முடிந்த விற்பனையையும் பாகப்பிரிவினையையும் மட்டும் கிளற முடியாது. இஸ்லாமியக் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு, ஆனால் அங்கேயும் மகளுக்குப் பங்கு உண்டு. “சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு, அதோட சரி” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கையெழுத்துக்கு முன் மூன்று காகிதங்களைக் கேளுங்கள். எழுதிய பத்திரத்தின் நகல், வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்திருக்க. வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று பார்க்க. பட்டா. அப்புறம் அந்தச் சொத்து இன்று என்ன விலை போகும் என்று பக்கத்து மனைக்காரர்களிடம் விசாரியுங்கள். எல்லாம் தெரிந்த பிறகும் கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள், உறவும் நிலைக்கும். நகலைக் கேட்டதற்கே தம்பி கோபப்பட்டால், அந்தப் பத்திரத்தை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று அர்த்தம்.

வீட்டை மகன் பெயருக்கு இப்போதே எழுதிவிடட்டுமா? நாளைக்கு அலைச்சல் வேண்டாமே.

உங்களுக்கு இருப்பது அந்த ஒரே வீடு என்றால், வேண்டாம். உயில் எழுதுங்கள். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் போதும். பதிவது கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிட்டால் பிற்காலத்தில் சண்டை குறையும். நாளைக்கு நிலைமை மாறினால் மாற்றி எழுதலாம்.

செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்தால் இரண்டு வரிகள் அதில் இருந்தே ஆக வேண்டும். சாகும்வரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு என்பது ஒன்று. உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கிறீர்கள் என்பது இன்னொன்று. இந்த நிபந்தனை இருந்து, மகனோ மகளோ கவனிக்காமல் விட்டால், 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாமல் ஆக்கக் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் “அன்பினால்” என்று மட்டும் எழுதிவிட்டால் வழக்கு மிகவும் கஷ்டமாகிவிடும்.

“நைனா, என் மேலே நம்பிக்கை இல்லையா?” என்று பிள்ளை கேட்பான். நம்பிக்கை இருக்கிறது, காகிதமும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மகன் நல்லவனாகவே இருந்தாலும் அவனுக்கு முன்பே ஏதாவது ஆகிவிடலாம், கடன் வந்து ஜப்தி வரலாம். அந்த வரிகள் அவனையும் சேர்த்தே காக்கின்றன.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் பணம் கேட்கிறார். நகையை வைத்துக் கட்டலாமா?

முதலில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், விஷயம் புரியும். பத்தாவது தேறாத பாஸ்போர்ட்டில் சவூதி, குவைத், கத்தார் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். “விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்” என்றால் போகவே கூடாது. அங்கே சிக்கிக்கொண்டால் திரும்பி வரும் வழி உங்கள் கையில் இருக்காது.

சம்பளத்தைக் கேட்பதோடு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் என்ன வேலைகள் வந்திருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் தனியாரிடம் போகலாம்.

ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதற்கும் யோசிக்க நேரம் எடுக்கலாமா?

“எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும்?” என்று டாக்டரிடமே கேளுங்கள். இன்றைக்கே என்றால் யோசனை வேண்டாம், செய்துவிடுங்கள். இரண்டு மாதம் பொறுக்கலாம் என்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து, ஆற்காடு ரோட்டு லாட்ஜில் தங்கி, வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நாம் கேட்கத் தயங்குகிறோம்.

நிலத்தை விற்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். உயிருக்குமுன் நிலம் பெரிதில்லை. ஆனால் விற்காமலே உயிரைக் காக்க வழி இருந்தால் அதை முதலில் தேட வேண்டும் அல்லவா?

யாரைக் கேட்டு முடிவெடுப்பது?

அதே காரியத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தவரை. செய்து நஷ்டப்பட்டவர் ஒருவரைக் கண்டிப்பாக. நீங்கள் எப்படி முடிவெடுத்தாலும் ஒரு பைசா லாபமில்லாத ஒருவரை. புரோக்கர், ஏஜென்ட், கல்லூரிக்கு ஆள் பிடிப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அவர்களுக்குக் கமிஷன் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். எனக்கும் பத்திரம் எழுதினால்தான் கூலி, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜாதகம் பார்ப்பது, சாமியிடம் பூ கேட்பது சரியா?

சரிதான். நானும் கோயிலுக்குப் போகிறவன். விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்து, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது சாமியைக் கேளுங்கள், மனம் அடங்கும். வில்லங்கம் பார்க்காத மனைக்குப் பூ கேட்கக் கூடாது.

எந்த நேரத்தில் முடிவே எடுக்கக் கூடாது?

சாவு விழுந்த வீட்டில். கருமாதிக்கு எல்லோரும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், லீவு போட்டு மறுபடி வர முடியாது என்று அன்றைக்கே பாகம் பேசுகிறார்கள். அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கைக்கு வரவே நாளாகும், அதுவரையாவது பொறுங்கள். அம்மா சாப்பிட்டு, தூங்கி, மனம் விட்டுப் பேசட்டும்.

கோபத்தில் வேலையை விடுவதும் இதே ரகம். தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளக் கணக்கில். பி.எஃப். பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அந்த வரம்புக்குச் சில மாதம் இருக்கும்போது சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு வந்து நின்றவர்கள் உண்டு. ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் சேர்ந்த தேதியைப் பாருங்கள்.

நான் நினைத்தது ஒன்று, வாழ்க்கை கொண்டுபோய் விட்டது வேறு இடம். இப்போது என்ன செய்வது?

சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இந்தியாவில் இருக்கப்போவதில்லை என்ற முடிவோடுதான் இங்கே வந்தார். உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனிக்க வந்த இளம்பெண், திண்டிவனத்தில் அப்பா அம்மாவோடு இருந்தார். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த ஓர் இரவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய், படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, அதன் பிறகுதான் வேலூரில் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல். மனம் ஓர் இரவில் மாறலாம், அதற்கான தயாரிப்புக்குப் பல ஆண்டு ஆகும். இடம் மாறிவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்களிடம், இப்போது நிற்கும் இடத்தில் உங்கள் கண்முன் என்ன தேவை இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

எடுத்த முடிவு தப்பு என்று தெரிகிறது. இவ்வளவு செலவழித்த பிறகு விடுவதா?

போர் (ஆழ்துளைக் கிணறு) போடும்போது இதைப் பாருங்கள். நம் பக்கம் பாறை பூமி. தண்ணீர் வராது, வண்டிக்காரர் “இன்னும் நூறு அடி போட்டுப் பார்க்கலாம்” என்பார். ஏற்கெனவே போட்ட அடிக்குக் கொடுத்த பணம் கண்முன் நிற்கும். சரி, போடு என்போம். இப்படி அடி அடியாகப் போய், போர் போட வாங்கிய கடனுக்காக அந்த நிலத்தையே விற்க வந்தவர்களுக்குப் பத்திரம் எழுதியிருக்கிறேன். வண்டி வருவதற்கு முன்பே, இத்தனை அடியோடு நிறுத்திவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்களுக்கு அந்த நிலை வரவில்லை.

குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு எல்லை வேண்டும். எத்தனை முறை எழுதுவது, எந்த வயதுவரை என்பதைப் படிக்கத் தொடங்கும்போதே பேசிவிடுங்கள். தோற்ற பிறகு பேசினால் அது தண்டனைபோல் அவன் காதில் விழும்.

நான் வெளியூரில் இருக்கிறேன். பவர் எழுதிக் கொடுத்துவிடலாமா?

பவர் என்பது உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். கொடுக்கலாம், ஆனால் எந்தக் காரியத்துக்கு, எந்தச் சொத்துக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். “எல்லா அதிகாரமும்” என்று எழுத வேண்டாம். வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். பதிலுக்குப் பணம் வாங்காமல் கொடுத்த பவரை நீங்கள் ரத்து செய்யலாம், ஆனால் ரத்துக்கு முன் அவர் செய்த விற்பனை நிற்கும். அதனால் ரத்துப் பத்திரம் பதிந்த கையோடு, பவர் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், சொத்து இருக்கும் இடத்துச் சார்பதிவாளருக்கும் ஒரு நகல் கொடுங்கள், ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.